இடது காது எனக்கு, வலது காது உன் அக்காவுக்கு

திங்கட்கிழமை காலை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. தங்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடையும், அதில் தொங்கும் ஆயிரத்தெட்டு வயர்களும், தங்கள் முழங்கால் வலியும் நல்ல முன்னேற்றத்தில் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அந்த அளவில் சௌக்கியம். தாங்கள் கூரியரில் அனுப்பிய மூன்றாவது ஜோடி வயர்லெஸ் இயர்பட்ஸை டப்பா, சார்ஜ் வயர், நுனியில் மாட்டும் சின்ன, நடு, பெரிய ரப்பர்கள் சகிதம் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏன் அனுப்புகிறேன் என்பதைக் கோர்வையாகச் சொல்வது என் கடமை. முப்பத்து நான்கு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, கொலைகாரன் சொன்னதையும் வக்கீல் சொன்னதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியவன் நான். நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன் என்பது தங்களுக்கே தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்த என் மகன், அதாவது தங்கள் அருமை மருமகன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் எங்களுக்கு அறை பதிவு செய்துவிட்டு வந்து, படம் போட்ட வழவழப்பான புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தது தங்களுக்கு நினைவிருக்கும். "அப்பா, அங்க டாக்டர் இருக்காரு, லிஃப்ட் இருக்கு, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு" என்றான். "இது என் வீடு. என்னை வெளியே அனுப்பப் பாக்குறவனுக்கு இதுல இடம் கிடையாது" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான், திருத்தம் எதுவும் இல்லை. அதோடு எங்கள் பேச்சு நின்றது. அவன் அம்மாவோடு போனில் பேசுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, படித்து முடித்த செய்தித்தாளை இன்னொரு தடவை படிப்பேன். இப்படியே மூன்று வருஷம் ஓடிய பிறகு இந்த வருஷம் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே விஆர் ஹெட்செட். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முகமூடி.

தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, மாப்பிள்ளை. இந்த இடத்திலிருந்து நீ.

அந்த முகமூடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் எந்த ஊரிலும் இல்லாத ஒரு ஹால் தெரியும். நடுவில் ஒரு வட்ட மேஜை. எதிரே மருமகள், இடது பக்கம் பேத்தி, வலது பக்கம் மகன். எல்லாரும் பொம்மை ரூபத்தில் இருப்பார்கள், இடுப்புக்குக் கீழே யாருக்கும் எதுவும் இருக்காது. மகனின் பொம்மைக்குத் தலை நிறைய முடி. அது பொய். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு எல்லாரும் இதில் கூடி உட்கார்ந்து பேச வேண்டும் என்பது ஏற்பாடு. நம் வீட்டில் முகமூடி ஒன்றுதான். உன் அக்கா ஒரே ஒரு முறை மாட்டிப் பார்த்தாள். "ஐயோ, கப்பல்ல போற மாதிரி இருக்குங்க" என்று சுவரைப் பிடித்தவளை, கட்டில் வரைக்கும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு மாட்டிக்கொள்வது என் தலையில் விழுந்தது. உன் அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் பார்ப்பதையே கைபேசியில் பார்ப்பாள். அவள் பேசினாலும் முகமூடியில் இருக்கும் மைக் எடுத்துக்கொள்ளும். நான் சம்மதித்தது பேத்திக்காக மட்டும்தான். அவள் அப்பனுக்காக இல்லை. இதையும் குறித்துக்கொள்.

முகமூடியின் சொந்த ஸ்பீக்கரே போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் அது எனக்குச் சொல்வதைத் தெருவுக்கும் சேர்த்துச் சொல்கிறது. பக்கத்து வீட்டுத் தையற்காரருக்கும் எங்களுக்கும் நடுவே பொதுச் சுவர் என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது வாரம் மருமகள் ஒரு ஜோக் சொன்னாள். நான் சிரிப்பதற்குள் சுவர் சிரித்தது. மறுநாள் வாசலில் மறித்து, "உங்க மருமகளுக்குக் கடவாய்ப் பல் வலி பரவாயில்லையா சார்?" என்கிறார். சரி, காதுக்குள்ளேயே கேட்கிற மாதிரி ஏதாவது வாங்குவோம் என்று உன்னைக் கூப்பிட்டேன். அங்கே ஆரம்பித்தது சனி. ப்ளூடூத் என்றாய், லேட்டன்சி என்றாய், காதுக்குள்ளே போகிறது ஒரு ரகம், வாசலிலேயே நிற்கிறது ஒரு ரகம் என்றாய். முக்கால் மணி நேரம் பேசி, கடைசியில் உன் கடையில் விற்காமல் கிடந்ததை அனுப்பினாய்.

முதல் ஜோடியில் குரல் தாமதமாக வந்தது. பொம்மை வாயை அசைத்து மூடிய பிறகுதான் பேச்சு வந்து சேரும். அந்தப் பேச்சைக் கேட்டு நான் பதில் சொல்வதற்குள் அங்கே அடுத்த கேள்வி முடிந்திருக்கும். மருமகள் "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா மாமா?" என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் அளவைக் கூட்டியிருந்ததால் நான், "ஆமாம்மா, முன்னைக்கு இப்ப ரெண்டு மடங்கு" என்று உண்மையைச் சொன்னேன். அதற்குள் அவள், "நான்தான் இங்க உக்காந்து உக்காந்து குண்டாயிட்டேன் மாமா, பாத்தா தெரியுதா?" என்று கேட்டு முடித்திருந்தாள். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலி காலி. பேத்திதான், "அம்மாவுக்கு வேலை இருக்காம் தாத்தா" என்று, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள்.

இரண்டாவது ஜோடி வெளிச்சத்தத்தை அடைக்கிற ரகம். "போட்டா உலகமே அமைதியாயிடும் அத்தான்" என்றாய். ஆனது. அந்த ஞாயிறு பேத்தி தன் மாய மீன்தொட்டியை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து உன் அக்கா குளியலறைக்குள் போக, தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. நாற்பது நிமிஷம் கதவைத் தட்டியிருக்கிறாள், என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறாள். அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கறுத்துப்போனது. நானோ பத்தடி தள்ளி உட்கார்ந்து, இல்லாத மீனுக்கு இல்லாத தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தையற்காரர் பின்கதவு வழியாக வந்து அவளை வெளியே விட்டுவிட்டு என் தோளைத் தொட்டார். பேத்தியின் விளையாட்டில் ஏதோ சுறா வந்துவிட்டது என்று நினைத்து ஓங்கி ஒன்று விட்டேன். அந்த மனிதர் என் சட்டைக்கு அளவெடுப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

மூன்றாவதுதான் இப்போது திரும்பி வருவது. நகம் அளவுக்கு ஒரு துண்டை முகமூடியில் செருகிவிட்டால் தாமதமும் இல்லை, அடைப்பும் இல்லை. பொருளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று போனில் நீ என்ன சொன்னாய்? "அக்காவும் கேக்கணும்னா ஆளுக்கு ஒண்ணு மாட்டிக்குங்க அத்தான், ஒண்ணும் ஆகாது." இது உன் வாக்குமூலம். மறுத்தால் தேதியும் நேரமும் தருவேன். அதன்படி இடது பக்கத்தது எனக்கு, வலது பக்கத்தது உன் அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டோம். இடதை நான்தான் கேட்டு வாங்கினேன். கோர்ட்டில் சாட்சிக் கூண்டு எனக்கு இடது பக்கம். முப்பத்து நான்கு வருஷம் பழகிய காது அது. வலது காதில் நான் கேட்டதெல்லாம் டவாலி போட்ட கோர்ட் சேவகர் கொட்டாவி விடுகிற சத்தம்தான்.

இப்படிப் பன்னிரண்டு ஞாயிறு. இந்த முகமூடியில் ஒரு விசேஷம் உண்டு. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் குரல் அந்தப் பக்கத்துக் காதில்தான் விழும், நிஜமான அறையில் போல. இது எனக்கோ உன் அக்காவுக்கோ தெரியாது. ரேடியோ மாதிரி இரண்டிலும் ஒரே பேச்சுதான் வரும் என்று நினைத்தோம். எனக்கு இடது பக்கம் பேத்தி, அவளுக்கு மூச்சு விட நேரமில்லாத பேச்சு. மகன் வலது பக்கம். அவன் பக்கமாக நான் தலையைத் திருப்பியிருந்தால் குரல் நடுவுக்கு வந்து என் காதிலும் நன்றாக விழுந்திருக்குமாம். நான் திரும்பவில்லை. மூன்று வருஷம் என்னோடு பேசாதவன் பக்கம் நானாக எதற்குத் திரும்ப வேண்டும்? போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரங்களில் உன் அக்காவின் போக்கு எனக்கு விளங்கவே இல்லை. முகமூடியோடு நான் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் திடீரென்று, "அவசரப்படாதப்பா, யோசிக்கிறார்" என்பாள். ஜன்னல் வழியாகத் தையற்காரரிடம் சட்டை விஷயமாகப் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். சாப்பிடும்போது, "என்ன முடிவு பண்ணீங்க?" என்பாள். எந்த ஜோடியை வைத்துக்கொள்வது என்று கேட்கிறாள் என நினைத்து, "இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம், என்ன அவசரம்?" என்பேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். காபி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே வந்தது. ஏழாவது வாரத்திலிருந்து நானே போட்டுக்கொள்கிறேன். ஒன்பதாவது வாரம் நீயே போன் செய்து, "கொஞ்சம் மனசு வைங்க அத்தான், எல்லாருக்கும் நல்லது" என்றாய். நீ எதையோ விற்கப் பார்க்கிறாய் என்று நினைத்து வைத்துவிட்டேன்.

நேற்று பன்னிரண்டாவது ஞாயிறு. பேச்செல்லாம் முடிந்து முகமூடியைக் கழற்றினால், உன் அக்கா காதில் இருந்ததைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?" என்றாள்.

"என்ன ஆச்சு இப்ப?"

"பதினோரு வாரமா பிள்ளை கேட்டுட்டே இருக்கான். சரின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"யார் என்ன கேட்டா? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே!"

"நடிக்காதீங்க. உங்க பக்கத்துலதானே நானும் உக்காந்திருந்தேன்."

பிறகு அவள் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. அவன் வேலை பார்த்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. இங்கே ஒரு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பெண்டாட்டி பிள்ளையோடு வந்து நம் மாடியில் இருக்கலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறான். ஒரு முறை இல்லை, வாரத்துக்கு ஒரு முறை, பதினோரு முறை. நான் பொம்மை மாதிரி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை அவன் மறுப்பாக எடுத்துக்கொண்டான். நேற்று அவன் அம்மாவிடம், "அப்பாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம்மா. வேற ஊர்ல வேலையும் கிடைச்சாச்சு, வீடும் பாத்தாச்சு" என்று முடித்துவிட்டான். அந்த ஊர் இங்கிருந்து எட்டு மணி நேரப் பயணம். வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்தாம்.

உடனே நான் சோதனை செய்தேன். முகமூடியில் பழகுவதற்கென்று ஒரு பறவைப் படம் இருக்கிறது. பறவை கத்திக்கொண்டே இடமிருந்து வலமாகப் பறந்துபோகும். இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு கேட்டேன், முழுதாகப் பறந்தது. இடது காதில் மட்டும் போட்டுக்கொண்டு கேட்டேன். என் மூக்குவரை வந்தது, அங்கேயே செத்தது. வலது பக்கத்தில் பறவையும் இல்லை, சத்தமும் இல்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தப்பு யார் மேல்? ஆளுக்கு ஒன்று என்று யோசனை சொன்னவன் மேல்தான்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் கடை லெட்டர்பேடில், முத்திரை வைத்து, கீழ்க்கண்டபடி ஒரு சான்றிதழ் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அவனுக்குக் கிடைக்கும்படி அனுப்பு. 'மேற்படி இயர்பட்ஸை இருவர் பிரித்து அணியும் பட்சத்தில், இடதுபுறம் அணிபவருக்கு வலதுபுறம் அமர்ந்திருப்பவர் பேசுவது கேட்காது. இது பொருளின் இயல்பேயன்றி அணிபவரின் மனக்குறை அல்ல.' கையெழுத்துக்குக் கீழே எத்தனை வருஷ அனுபவம் என்று மறக்காமல் போடு. நீங்களே போன் பண்ணிச் சொல்லலாமே அத்தான் என்பாய். மூன்று வருஷம் கழித்து ஒரு தகப்பன் பிள்ளையிடம் பேசுகிற முதல் வாக்கியம் 'எனக்குக் காது கேக்கலை' என்பதா? அப்படிச் சொன்னால் அந்தப் படம் போட்ட புத்தகத்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். இது தொழில் தெரிந்தவன் சொல்ல வேண்டிய விஷயம். நீ சொன்னால் நம்புவான்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நீண்ட ஆயுளோடு, இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்படி வாழ வேண்டும். உன் வியாபாரம் பெருகட்டும். யாருக்கும் யோசனை சொல்லாமல் பெருகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். கோபப்படவில்லை. "காலையில நானும் ஒத்தக் காதுல போட்டுப் பாத்தேங்க. பறவை அந்தப் பக்கம் போனாலும் கேக்குது. மெலிசா கேக்குது" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆகவே திருத்தம். பறவை சாகவில்லை. முதல் ஞாயிறே அவன் குரல் எனக்குக் கேட்டது. பேத்தியின் பேச்சுக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுகிற மாதிரி மெலிசாக, ஒரு சொல் விடாமல் கேட்டது. "அப்பா, நாங்க வந்து மாடியில இருந்துக்கலாமா?" என்னை வெளியே அனுப்பப் பார்த்தவன் உள்ளே வருவதற்கு இன்னொரு தடவை கேட்கட்டும் என்று கழுத்தை நேராக வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமும் கேட்டான். அது எனக்கு ருசியாக இருந்தது, மாப்பிள்ளை, மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐந்தாவது வாரம் மாடி ஜன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்தேன். எட்டாவது வாரம் பேத்தி பள்ளிக்கூடப் பை மாட்ட அவள் தோள் உயரத்துக்கு ஒரு கொக்கி அடித்தேன். எதற்கு என்று உன் அக்கா கேட்டபோது ஒட்டடைக்குச்சி மாட்ட என்றேன். சரி என்கிற ஒரு சொல்லுக்கு மட்டும் வாரா வாரம் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் வேண்டாம். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, கைக்குக் கிடைத்த அன்றைக்கே அவனுக்கு அனுப்பு. நேற்று சரி என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஒன்பதரை மணிக்கே முகமூடியை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். நேற்று அவன் கேட்கவில்லை.